வயலும் கடனும் போனும் ரியூசனும்: இதற்குள்ளே விசுவாசத்தை நடுவில் வைப்பது எப்படி?

கேள்வி: முத்தையன்கட்டு

வீட்டில் செபம் அடியோடு நின்றுபோகவில்லை. செபமாலை சொல்லுகிறோம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறோம், ஆவணியில் மடு மாதா கோயிலுக்கும் போகிறோம். ஆனால் கடவுளுக்குக் கிடைப்பது எல்லா வேலையும் போக மிஞ்சுகிற நேரம்தான். மிஞ்சாத நாளில் ஒன்றும் இல்லை.

விடிய நாலரைக்கு எழும்பினால் அடுப்படி, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி, ஆறரை பஸ். பிறகு வயல். காலபோக விதைப்பு முடிந்தால் பன்றிக்கும் யானைக்கும் இரவுக் காவல். இவர் காவல் கொட்டிலில், நானும் பிள்ளைகளும் வீட்டில். கிழமைக்கு ஒருநாள் குழுக்கடன் கூட்டம். மகளுக்குச் சாதாரண தரம், மகனுக்குப் புலமைப்பரிசில், ஞாயிறு காலையிலும் ரியூசன். இரவு ஏழு மணிக்குச் செபமாலையைத் தொடங்கினால் ஒரு பிள்ளை தூங்கி விழும், மற்றது போனைப் பார்க்கும், என் மனம் அடுத்த கட்டுக்காசில் நிற்கும். எங்களுடையது கிளைக்கோயில். பூசை எல்லா ஞாயிறும் இல்லை.

"மன உறுதி வேணும்", "ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்" என்ற பதில்கள் நிறையக் கிடைத்துவிட்டன. எந்த நேரம், எவ்வளவு நேரம், எதை வாசிப்பது, மனம் ஓடினால் என்ன செய்வது என்று விபரமாகச் சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கோ.


பதில்: பண்டிவிரிச்சான்

தங்கச்சி, முதல் வேலை: செபத்துக்கு நேரம் தேடுகிறதை விட்டுவிடுங்கோ. வன்னியில் கமம் செய்கிற வீட்டில் சும்மா கிடக்கிற நேரம் என்று ஒன்று இல்லை. தண்ணி முறை இரவு பதினொன்றுக்கு வந்தால் பதினொன்றுக்குத்தான் வாய்க்காலுக்குப் போகவேணும். ஆகவே மணிக்கூட்டைப் பார்த்து நேரம் ஒதுக்காமல், என்ன நடந்தாலும் உங்கள் வீட்டில் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு செபத்தைக் கட்டிவிடுங்கோ. தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணி வைக்கிறது எந்த நாளும் நடக்கும். கேத்தல் கொதிக்க ஏழெட்டு நிமிடம் எடுக்கும். அந்த நேரம் கடவுளுடையது. அதற்கு முன்னர் போனைத் தொடுவதில்லை. இந்த ஒரு வரிசையை மட்டும் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

அந்த ஏழு நிமிடத்தில் என்ன செய்வது? சிலுவை அடையாளம். அன்றைய நாளை, அதில் வரப்போகிற வேலையோடும் ஆட்களோடும், பெயர் சொல்லி ஒப்புக்கொடுக்கிறது: "இண்டைக்கு உர மூட்டை எடுக்கப் போகவேணும், கூட்டத்தில் காசு கட்டவேணும், எல்லாம் உமக்கே." பிறகு அன்றைய நற்செய்தி வாசகம், பெரும்பாலும் பத்துப் பதினைந்து வசனத்துக்கு மேல் இராது. வாசித்ததில் ஒரு சொல், அல்லது அரை வசனம், எடுத்துக்கொள்ளுங்கோ. விளக்கம் தேடவேண்டாம், அதை இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொன்னால் போதும். கடைசியாக ஒரே ஒரு ஆளுக்காகச் செபம். கேத்தல் கொதித்தால் எழும்புங்கோ. இன்னும் இருக்க ஆசை வந்தாலும் முதல் மாதம் எழும்பத்தான் வேணும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான தீர்மானங்கள் சோம்பலால் உடைவதில்லை, அளவு கூடினதால் உடைகின்றன. தியானத்துக்குப் போய்வந்த சூட்டில் "விடிய மூன்றரைக்கு எழும்பி ஒரு மணி நேரம்" என்று தொடங்குவார்கள். பத்தாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அன்றோடு எல்லாம் விழும். ஏழு நிமிடம் காய்ச்சல் நாளிலும் நிற்கும்.

மத்தியானத்துக்கு மூவேளைச் செபம் இருக்கிறது. காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று கோயில் மணி அடிப்பது இதற்காகத்தான். மூன்று சிறு வசனம், மூன்று அருள்நிறை மரியே, ஒரு முடிவுச் செபம். இரண்டு நிமிடம் போதும். வயலில் நிற்கிறவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்றபடியே சொல்லலாம். உயிர்ப்புத் திருநாளை ஒட்டின பாஸ்காக் காலத்தில் மட்டும் இதற்குப் பதிலாக "விண்ணக அரசியே" செபம்.

இரவுக்கு, இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியார் சொல்லித் தந்த ஆன்ம சோதனை. 16ஆம் நூற்றாண்டில் ஒரு மனிதர் பட்டறிந்து எழுதி வைத்த முறை, இன்றைக்கும் வீட்டுக்காரருக்கும் வயல்காரருக்கும் பொருந்தும். ஐந்து படி. இன்றைக்குக் கிடைத்ததுக்கு நன்றி, பொதுவாக அல்ல, ஒன்றிரண்டைப் பெயர் சொல்லி. பிறகு, உள்ளதை உள்ளபடி பார்க்க வெளிச்சம் கேட்கிறது. பிறகு விடிந்ததிலிருந்து இப்ப வரைக்கும் நாளைத் திரும்ப நடந்து பார்க்கிறது: எந்த இடத்தில் மனம் கடவுள் பக்கம் சாய்ந்தது, எங்கே விலகினது. விலகினதுக்கு மன்னிப்பு. நாளைக்கு ஒரே ஒரு திருத்தம். பத்து நிமிடம். பாயில் படுத்தபடி செய்தால் இரண்டாம் படியிலேயே நித்திரை வந்துவிடும். பாத்திரம் கழுவி முடித்த கையோடு திண்ணையில் இருந்து செய்யுங்கோ.

இனி, மனம் கட்டுக்காசுக்கு ஓடுகிற விசயம். பக்கத்தில் ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் வையுங்கோ. "யூரியா", "ரியூசன் காசு" என்று நினைவு வந்தால் ஒரு சொல்லில் குறித்துவிட்டுத் திரும்பி வாங்கோ. மறந்துபோகும் என்ற பயத்தில்தான் மனம் அதைத் திருப்பித் திருப்பி நீட்டுகிறது. எழுதிவிட்டால் பிடியை விடும். ஆனால் எழுதின பிறகும் அதே கவலை மூன்றாம் தரம் வந்து நின்றால், அதைப் பராக்கு என்று தள்ளாதேங்கோ. அதுதான் அன்றைய செபம். வாசகத்தை மூடிவிட்டு, எவ்வளவு கடன், எப்ப கட்டவேணும், யாருக்குப் பயம் என்று ஆண்டவரிடம் கணக்கோடு சொல்லுங்கோ. பிலிப்பியர் 4:6 எல்லாவற்றையும் கடவுளிடம் தெரியப்படுத்தச் சொல்லுகிறது. எல்லாம் என்றால் வட்டியும் அதற்குள்தான்.


பதில்: நாயாற்றுக்காற்று

போனைப் பற்றி மட்டும்.

"போனைக் குறைப்போம்" என்று வீட்டில் தீர்மானம் எடுப்பதால் பிரயோசனம் இல்லை. போன் இருக்கிற இடத்தை மாற்றவேண்டும். இரவு சார்ஜ் போடும் இடம் படுக்கிற அறையில் இருந்தால் கடைசியாகத் தொடுவதும் முதலாவதாகத் தொடுவதும் அதுவாகத்தான் இருக்கும். விறாந்தையில் அல்லது குசினியில் ஒரு பிளக், அங்கேதான் எல்லாப் போனும், பெற்றோரின் போன் உட்பட. பெற்றோருடையது தலைமாட்டில் இருந்தால் பிள்ளைகளிடம் கேட்க வாய் இராது. "அலாம் வைக்கப் போன் வேணுமே" என்பது வழமையான சாட்டு. பற்றரி போடுகிற சின்ன மணிக்கூடு ஒன்று வாங்கினால் அது தீர்ந்தது. யானைக் காவலில் இருக்கிறவருக்கு அவசரத்துக்குக் கோல் வரவேண்டும், அதனால் சத்தத்தைப் போட்டு வையுங்கள், டேட்டாவை மட்டும் நிறுத்துங்கள். கோல் வரும், வட்ஸ்அப் வராது.

வட்ஸ்அப் குழுக்களை மியூட் பண்ணும்போது எட்டு மணி நேரம், ஒரு கிழமை, எப்போதும் என்று மூன்று தெரிவு வரும். பாடசாலைக் குழு, பங்குக் குழு இரண்டையும் விட்டு மிச்சம் எல்லாவற்றுக்கும் "எப்போதும்". யூரியூப்பில் ஒன்று முடிய மற்றது தானாக ஓடுவதை நிறுத்தலாம். அதை நிறுத்தாவிட்டால் ஒரு பிரசங்கம் பார்க்கத் தொடங்கினவர் முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு சமையல் வீடியோவில் இருப்பார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சிலருக்குக் கோபம் வரலாம். விடிய வருகிற மாதா படமும் வசன அட்டையும் "பத்துப் பேருக்கு அனுப்பினால் அற்புதம் நடக்கும்" செய்தியும் செபம் அல்ல. பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லுகிறது வெறும் மூடநம்பிக்கை. அதை அனுப்பிவிட்டுச் செபித்துவிட்ட நிறைவு வருகிறது பாருங்கள், அதுதான் ஆபத்து.

செபத்துக்கு அச்சிட்ட வேதப் புத்தகமே நல்லது. போனில் நற்செய்தி இருக்கிறது, மறுப்பதற்கில்லை, ஆனால் அதே கண்ணாடியில்தான் எல்லா அழைப்பும் வந்து விழுகிறது. வேறு வழியில்லை என்றால் ஏரோபிளேன் மோட்டில் போட்டுவிட்டு வாசியுங்கள்.


பதில்: தண்ணிமுறிப்பு

சகோதரி, நான் மெதடிஸ்த திருச்சபை. செபமாலை பற்றிப் பேச எனக்கு உரித்தில்லை. வேதாகம வாசிப்பைப் பற்றிச் சொல்லுகிறேன். முன்னர் எழுதிய ஐயாவோடு ஒரு இடத்தில் வேறுபடவும் வேண்டும்.

அன்றன்றைய வாசகம் நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. துண்டு துண்டாக வாசித்தால் இருபது வருடத்துக்குப் பிறகும் மாற்கு சுவிசேஷம் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று தெரியாது. ஆகவே ஒரு புத்தகத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசிக்க வேண்டும். மாற்கு 16 அதிகாரம். ஒரு நாளைக்கு அரை அதிகாரம் என்றால் ஒரு மாதம். நான்கு சுவிசேஷமும் சேர்த்து 89 அதிகாரம். நாளுக்கு ஒன்று வீதம் மூன்று மாதத்தில் முடியும். புதிய ஏற்பாடு முழுதும் 260 அதிகாரம். கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று, சரியாக 52 கிழமை. இந்தக் கணக்கு ஏன் நல்லது என்றால் கிழமைக்கு இரண்டு நாள் தவறலாம். தவறுவதற்கு இடம் வைக்காத அட்டவணை கமக்கார வீட்டுக்கு ஆகாது. ஜனவரி முதலாம் திகதி ஆதியாகமத்தில் தொடங்கி வருடத்துக்குள் முழு வேதாகமம் என்பவர்கள் நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம் வாசிக்க வேண்டும். அறுவடைக் காலம் லேவியராகமத்தோடு வந்து மோதும், பங்குனிக்குள் பெரும்பாலானோர் நின்றுவிடுவார்கள். நின்றவர்கள் விட்ட பாக்கியை ஓடிப் பிடிக்கப் பார்ப்பார்கள், அதுதான் இரண்டாவது பிழை. விட்டதை விடுங்கள். இன்றைய திகதிக்குரியதை வாசியுங்கள்.

பிள்ளைகளுக்கு நீதிமொழிகள். 31 அதிகாரம், மாதத்தின் திகதியே அதிகாரத்தின் எண். எந்த இடத்தில் விட்டோம் என்று தேடவேண்டியதில்லை. முழு அதிகாரம் வேண்டாம், அதற்குள் இரண்டு வசனத்தைப் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும்.

வேறுபடுகிற இடம் விடியற்காலம். இயேசு இருட்டோடு எழுந்து தனித்த இடத்துக்குப் போனார் என்று மாற்கு 1:35 சொல்லுகிறது, உண்மை. ஆனால் தானியேல் ஒரு நாளில் மூன்று வேளை ஜெபித்தார், சங்கீதக்காரர் படுக்கையில் தியானித்தார். இரவு முழுவதும் கடலில் நின்று விடிய கரைக்கு வருகிறவருக்கும், கார்மென்ற்ஸில் இரவு சிஃப்ட் முடித்து வருகிற பிள்ளைக்கும் விடியற்காலம் நாளின் முடிவு. அவர்களிடம் "விடிய எழும்பி ஜெபி" என்றால் குற்ற உணர்வுதான் மிஞ்சும். வலையை இறக்கிவிட்டுக் காத்திருக்கிற நேரம், பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போகிற நேரம், இவை அவர்களுடைய விடியற்காலம்.

கை வேலையாக இருக்கும்போது நீண்ட ஜெபம் நடவாது. அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோவான் கசியான் எகிப்திய வனாந்தரத் துறவிகளிடம் கற்று எழுதியது: 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை எந்த நேரமும் வாயிலும் மனதிலும் வைத்திருப்பது. "தேவனே, என்னை விடுவியும், எனக்குத் துணைசெய்யத் தீவிரியும்" என்ற அளவில் சொன்னால் போதும். நாற்று நடும்போது, களை பிடுங்கும்போது, தையல் மெசினில் இருக்கும்போது மூச்சோடு சேர்ந்து வரும். முதல் கிழமை மறந்துபோகும். அதனால் அதையும் ஒரு அடையாளத்தோடு கட்டுங்கள்: ஒவ்வொரு வரம்பு கடக்கும்போதும் ஒரு தரம்.


முத்தையன்கட்டு எழுதியது

மூவருக்கும் நன்றி. கேத்தல் விசயம் உடனே செய்யக்கூடியது. இரண்டு கேள்வி கூட இருக்கிறது. அமைதியாக இருந்து செபிக்கச் சொன்னால் எங்கள் ஊரில் பலபேருக்கு 2009 கடைசி யுத்தந்தான் கண்ணுக்குள் வரும். பராக்கு என்று அதைச் சொல்ல ஏலாது. அந்த ஆட்கள் என்ன செய்வது? மற்றது, எங்கள் வீட்டில் மாமி ஜெபசபைக்குப் போகிறவ, அங்கே மாதாவிடம் செபிப்பதில்லை. செபமாலை தொடங்கினால் எழும்பி உள்ளே போய்விடுவா. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.


பதில்: கட்டுக்கரை

முதல் கேள்விக்கு.

நல்ல வேளை கேட்டீர்கள், அக்கா. தியானங்களில் எல்லாரையும் கண்ணை மூடி அரை மணி நேரம் மௌனமாக இருக்கச் சொல்லுவது இந்த மண்ணில் கவனமாகச் செய்யவேண்டிய காரியம். நீண்ட மௌனம் சிலருக்கு ஆறுதல், சிலருக்கு அதுவே கதவைத் திறந்துவிடும். நெஞ்சு அடித்துக்கொள்வது, வியர்ப்பது, சத்தம் கேட்பதுபோல இருப்பது, உடம்பு விறைப்பது என்று வந்தால் விசுவாசக் குறைவு அல்ல, பிசாசின் வேலையும் அல்ல. காயப்பட்ட உடம்பு நினைவு வைத்திருக்கிறது.

அப்படியானவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே செபிக்கலாம். எரிகிற மெழுகுதிரியை, சிலுவையை, முற்றத்து மரத்தைப் பார்த்தபடி. மௌனச் செபத்தைவிட வாய்விட்டுச் சொல்லுகிற செபம் நல்லது. செபமாலைக்கு இங்கே ஒரு பெரிய பலம் இருக்கிறது: விரலுக்கு மணி, வாய்க்குச் சொல், பக்கத்தில் பதில் சொல்ல ஆள். நடந்துகொண்டும் சொல்லலாம். தனியே இருக்கவேண்டாம், முக்கியமாக யுத்தம் முடிந்த வைகாசி மாதத்தில்.

வாசிப்பதற்குப் புலம்பல் திருப்பாடல்களை எடுங்கள்: 13, 22, 77, 88. எல்லாப் புலம்பலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும் என்று சொல்லுவார்கள். 88 திரும்பாது, இருளில்தான் முடியும். அதையும் கடவுளின் வார்த்தை என்று திருச்சபை வைத்திருக்கிறது. காணாமல்போன பிள்ளைக்காகக் காத்திருக்கிற தாய்க்கு "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லுவதைவிட இந்த 18 வசனத்தை அவரோடு இருந்து வாசிப்பது மேல்.

நினைவு வந்து நித்திரையையும் வேலையையும் தொடர்ந்து குழப்பினால் பங்குத்தந்தையிடம் மட்டும் நிற்காமல் உளவளத்துணையாளரிடமும் போகவேண்டும். மாவட்ட வைத்தியசாலையில் உளநலப் பிரிவில் கேட்கலாம். செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

வறட்சி வேறு, இது வேறு. செபத்தில் ஒன்றும் ருசிக்காமல், சலிப்பாக மட்டும் இருந்தால் அதற்கு இஞ்ஞாசியாரின் விதி தெளிவானது: வறண்ட நேரத்தில் முன்னர் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. ஏழு நிமிடத்தை ஐந்தாக்கத் தோன்றினால் எட்டு நிமிடம் இரு. செபத்தைப் பற்றிப் புத்தகங்கள் எழுதின புனித அவிலா தெரேசம்மாளே பதினெட்டு வருடம், நற்கருணை வாங்கின நேரம் தவிர, கையில் புத்தகம் இல்லாமல் செபத்தில் இருக்கப் பயந்தவர். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே செபிக்கலாம், அது குறைவு இல்லை.


பதில்: வவுனிக்குளம்

ஞாயிற்றுக்கிழமையும் வருடமும் பற்றி ஒருவரும் தொடவில்லை. என் எண்ணத்தில் அன்றாடச் செபத்தைவிட இதில்தான் கூடக் குழப்பம் வருகிறது.

திருச்சபை ஆண்டையும் வயல் ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐப்பசி செபமாலை மாதம். மழையைப் பார்த்து விதைக்கிற மாதமும் அதுதான். நத்தாருக்கு முந்தின திருவருகைக்காலம் நான்கு கிழமை. களை, பசளை, வெள்ளம் எல்லாம் அப்போது. தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் மாசி (பெப்ரவரி) 4க்கும் பங்குனி (மார்ச்) 10க்கும் இடையில் எங்காவது விழும். காலபோக அறுவடையும் அந்தக் காலந்தான். மிசின் எப்ப வரும் என்று இரவு பகலாகக் காத்திருக்கிற கிழமையில் சிலுவைப்பாதை. ஆவணி (ஓகஸ்ட்) 15 மடுத் திருவிழா, குளத்தில் தண்ணி இருந்து சிறுபோகம் செய்தவர்களுக்கு அதுவும் அறுவடை நேரம். இது ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் வரும், ஆனாலும் ஒவ்வொரு வருடமும் எதிர்பாராமல் வந்ததுபோல் தவக்காலத் தீர்மானம் கலைகிறது.

ஆகவே தவக்காலத்துக்கு நேரம் கேட்கிற தீர்மானம் எடுக்கவேண்டாம். வயலோடு செய்யக்கூடியதை எடுங்கள். அறுவடைக்கு வந்த கூலியாட்களுக்கு அன்றன்றே காசு கொடுப்பது. நிறுவையில் சுத்தம். முதல் மூட்டையில் ஒரு பங்கை விதவை வீட்டுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விற்பது. உபவாச நாட்கள் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான்; 18 வயதிலிருந்து 59 வயதுவரை ஒரு முழுச் சாப்பாடு என்பது சட்டம். வெயிலில் கதிர் தூக்குகிறவர் தண்ணி குடியாமல் இருக்கவேண்டும் என்று எங்கும் இல்லை. நேரம் வேண்டிய தீர்மானங்களை, ஒரு நாள் தியானம், முழு நற்செய்தி வாசிப்பு போன்றவற்றை, சிறுபோகம் இல்லாத வருடத்தில் வைகாசி, ஆனி மாதங்களுக்கு வையுங்கள்.

ஞாயிறு. பூசை இல்லாத ஞாயிறு ஓய்வு ஞாயிறு அல்ல. குரு இல்லாத இடத்தில் இறைவார்த்தை வழிபாட்டில் பங்குபற்றவோ, குடும்பமாகச் செபத்தில் நேரம் செலவிடவோ திருச்சபைச் சட்டம் 1248 வலியுறுத்துகிறது. கிளைக்கோயிலில் மூப்பரோ மறையாசிரியரோ வழிபாடு நடத்தினால் அதற்குப் போங்கள். நடத்தவில்லை என்றால் உங்கள் வீட்டில் மூன்று வாசகமும் பதிலுரைப் பாடலும் வாசித்து, விசுவாசப் பிரமாணம், மன்றாட்டு, கர்த்தர் கற்பித்த செபம், மனத்தால் நற்கருணை வாங்குகிற செபம். அரை மணி நேரம். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததிலிருந்து 1687இல் யோசேவ் வாஸ் முனிவர் வரும்வரை இந்த நாட்டுக் கத்தோலிக்கருக்குக் குரு என்று ஒருவர் நிலையாக இல்லை. முனிவர் பிச்சைக்காரர் கோலத்தில் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போனபோது அந்த மாலையை அடையாளம் கண்டுகொள்ள வீடுகள் மிச்சம் இருந்தன. அந்த முப்பது வருடமும் விசுவாசத்தைக் கொண்டுபோனது வீட்டுச் செபம்.

ரியூசன்: ஆசிரியரிடம் நேரே போய்க் கேளுங்கள், தனியே அல்ல, ஐந்தாறு பெற்றோர் சேர்ந்து. ஒரு பெற்றோர் கேட்டால் "உங்கட பிள்ளைக்குத்தான் நட்டம்" என்ற பதில் வரும். வகுப்பில் கால்வாசிப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் நேரம் மாறும். அதற்கும் வழி இல்லாவிட்டால், சனி மாலைப் பூசை ஞாயிற்றுக் கடமையை நிறைவேற்றும். பங்குக் கோயிலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆனால் மறைக்கல்வியை ரியூசனுக்காக விடுவது வேறு கணக்கு. சாதாரண தரம் வரும் வயதில்தான் பிள்ளை "கடவுள் ஏன் இப்படி விட்டார்" என்று கேட்கத் தொடங்கும். அந்தக் கேள்வியைக் கேட்க அதற்கு ஒரு இடம் வேண்டும்.


பதில்: பண்டிவிரிச்சான்

மாமி விசயத்துக்கு வாறன், தங்கச்சி.

செபமாலையை நிறுத்தவேண்டாம். ஆனால் அதை வீட்டுச் செபத்தின் முழுமையாகவும் வைக்கவேண்டாம். இரண்டாகப் பிரியுங்கோ. முதல் பத்து நிமிடம் எல்லாருக்கும்: ஒரு திருப்பாடல், ஆளுக்கு ஒரு வசனமாக, நற்செய்தி ஒரு துண்டு, அதை மாமியே வாசிக்கட்டும், ஆளுக்கு ஒரு மன்றாட்டு, ஒரு வசனத்துக்கு மேல் போகாமல், கர்த்தர் கற்பித்த செபம். அதோடு மாமி எழும்பிப் போகலாம், முகம் சுளியாமல் விடுங்கோ. பிறகு செபமாலை. வேலை நாட்களில் பிள்ளைகளோடு ஒரே ஒரு பத்து மணி. முழு ஐம்பத்து மூன்று மணிக்கு நிதானமாகச் சொன்னால் இருபது நிமிடம் வரும், அதை வெள்ளி, சனிக்கு வையுங்கோ. அந்தந்த நாளில் தியானிக்கிற மறையுண்மை (இயேசு, மாதா வாழ்வின் நிகழ்வுகள்) மாறிப்போகாமல் பார்க்கவேணும்: திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறையுண்மை 2002இல்தான் சேர்ந்தது, அதனால் பழைய செபப் புத்தகங்களில் இராது.

ஏழு மணியைத் தொடர் நாடகத்தோடு போட்டிபோட வைக்காதேங்கோ, தோற்பது செபமாகத்தான் இருக்கும். ஆறு மணி மூவேளைச் செபத்தோடு, விளக்குக் கொளுத்துகிற நேரத்தோடு சேர்த்துவிடுங்கோ. சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் சின்னவர் நித்திரைதான். காவல் இல்லாத நாட்களில் உங்கள் இவரும் அந்த நேரம் வீட்டில் நிற்பார். காவல் நாட்களில் கொட்டிலுக்குப் போக முன்னர் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புங்கோ, பிள்ளைகளும் போடட்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கோ. மன்றாட்டுக்குள் ஏச்சு. "ஆண்டவரே, படிக்காமல் போன் பார்க்கிற பிள்ளைக்குப் புத்தி கொடும்", "குடிக்கிறவரைத் திருத்தும்" என்று ஆளை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லுகிறது. பிள்ளைக்கு அது செபமாகக் கேட்காது. இரண்டு மூன்று தரம் இப்படி நடந்தால் பிள்ளை செபத்துக்கே வராது, ஏன் வரவில்லை என்று சொல்லவும் மாட்டாது. பிழை செய்த பிள்ளைக்குத் தண்டனையாகச் செபமாலை சொல்ல வைப்பதும் இந்த வகைதான்.

இனி, கர்த்தர் கற்பித்த செபத்தில் ஒரு சின்ன இடறல் வரும். நாங்கள் "தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும்" என்று நிறுத்துவோம், மாமி "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடருவா, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். நீங்களும் சேர்ந்து அதைச் சொல்லி முடியுங்கோ. பூசையிலும் அதே இடத்தில் குருவானவரின் செபம் ஒன்று முடிய நாங்கள் எல்லாரும் சொல்லுகிற சொற்கள்தான் அவை.